சன்மானமாம், மதிப்பூதியமாம்!

ஞாயிற்றுக்கிழமை நான் பேசிய இலக்கியக் கூட்டத்தைப் பற்றி, என்னைக் "காசுக்காகப் பேச வந்தவர்" என்று கூட்டம் நடத்திய தம்பி எழுதியதையும், கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மை போட்டிருந்ததையும் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. 'தக்க சன்மானம் உண்டு' என்றீர்களே, எவ்வளவு? அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை வந்து ஒன்றரை மணி நேரம் வில்லுப்பாட்டைப் பற்றிப் பேசினேன். கையில் வைத்தது மொய்க் கவர். முகப்பில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியிருந்தது, உள்ளே 300. போக வர எனக்கு ஆனது 420.

சன்மானம் வடசொல்; மரியாதை செய்வது என்று பொருள். மதிப்பூதியம், 'ஆனரேரியம்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நாம் கட்டிய சொல். அதுவும் லத்தீனில் கௌரவத்திலிருந்து வந்ததுதான். வழக்காடக் காசு வாங்கக் கூடாது என்று ரோமில் கி.மு. 204-லேயே சட்டம் போட்டார்கள். யார் கேட்டார்கள்? கடைசியில் கிளாடியஸ் மன்னர் 10,000 செஸ்டர்சுக்கு (அந்தக் கால ரோம நாணயம்) மேல் வாங்காதே என்று வரம்பு வைத்தார். அவராவது தொகையைச் சொன்னார், தம்பி!

ஊதியம் என்றால் வள்ளுவருக்கு லாபம். 'முதலிலார்க்கு ஊதியமில்லை' என்கிறார். இங்கே முதல் போட்டவன் நான். ஊதியம் எங்கே?

எங்கப்பா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். கோயில் கொடை விழாவுக்கு அவரைப் பேசி வைக்க வருகிறவர்கள் வெற்றிலை பாக்கோடு அச்சாரமும் கொண்டுவருவார்கள். தொகை பேசி முடித்த பிறகுதான் அம்மா காப்பி கொண்டுவருவாள். பாட்டு முடிந்து விடியக்காலை, கோயில் டியூப்லைட் வெளிச்சத்தில், கொடைக்கு வரி கொடுத்த வரிதாரர் முன்னாலேயே எச்சில் தொட்டு எண்ணுவார். ஒரு நோட்டு கிழிந்திருந்தால் மாற்றித் தரச் சொல்வார். அவரைக் காசாசை பிடித்தவர் என்று யாரும் சொன்னதில்லை. களத்துமேட்டில் ஆசாரிக்கும் நாவிதருக்கும் அளந்த நெல்லுக்கு அந்தக் காலத்தில் 'சுதந்திரம்' என்றே பெயர். கொடுப்பவர் தயவு இல்லை, வாங்குபவர் உரிமை. அப்பேர்ப்பட்ட சொல் இருந்த ஊரில் இன்றைக்குக் கவரை ஒட்டிக் கொடுக்கிறோம்.

"இலக்கியச் சேவைக்குக் காசா?" என்கிறார் ஒருவர். மைக்செட்காரரிடம் போய்ச் சேவை என்று சொல்லிப் பாருங்களேன். "சின்ன அமைப்பு, நிதி கிடையாது" என்கிறார் இன்னொருவர். நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதை முன்னாலேயே சொல்லியிருந்தால் கைக்காசு போட்டு வந்திருப்பேன், வந்தும் இருக்கிறேன். அந்தத் தம்பியின் முதல் கூட்டத்துக்கு நாற்காலி தூக்கிப் போட்டவன் நான். அதுதான் வலிக்கிறது.

என் அண்ணன் மகள் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மே மாதம் அந்தக் கௌரவத்துக்கு லீவு, சம்பளம் கிடையாது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் மதிப்பூதியம்தானே, பணிக்கொடை (கிராஜுவிட்டி) எதற்கு என்று அரசுத் தரப்பில் வாதாடினார்கள். 2022-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது, பணிக்கொடை உண்டு என்றது. பேரை மாற்றிவிட்டால் கூலி கூலியில்லை என்று ஆகிவிடுமா? கூலி என்றே சொல்லுங்களேன், எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

நேற்று இன்னொரு அமைப்பிலிருந்து கூப்பிட்டார்கள். "எவ்வளவு?" என்றேன். "கேட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்று வைத்தவர் இன்னும் கூப்பிடவில்லை.