அவர் உதவியாளர் இல்லை, டீச்சர்

பதினைந்து நாள் விடுமுறையில் ஆப்பிரிக்காவின் மலாவிக்குப் போய்வந்த ஒரு தம்பி, அங்குள்ள ஒரு பள்ளிக்கூடத்துப் படங்களோடு போட்ட பதிவை இதுவரை பதினாறு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். "அக்கா, நீங்க இருந்த ஊர்தானே இது?" என்று. நன்றி. முதல் நாளே பார்த்து, ஒரு வரி கமென்ட் போட்டு, "பொறாமை" என்று பட்டமும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான் இருந்த ஊர் இல்லை அது. மலாவிதான், ஆனால் இன்னும் தெற்கே.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. மூன்றாவது படத்தில், கரும்பலகை ஓரமாக, பாதித் தோள் வெட்டுப்பட்டு, இடுப்பில் சிடேன்ஜே துணி கட்டி நிற்கிறாரே ஒரு பெண், அவரை "உள்ளூர் உதவியாளர்" என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அவர் அந்த வகுப்பின் டீச்சர் இல்லையா? அவ்வளவுதான். திட்டவில்லை. கேள்விக்குறி போட்டுத்தான் கேட்டேன்.

சந்தேகம் இருப்பவர்கள் அந்தப் பலகையைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூலையில் தேதி. அதன் கீழே அன்றைய வருகை: பையன்கள் 61, பெண்கள் 67. காலையில் 128 பிள்ளைகளைத் தலை எண்ணி, அதை அத்தனை அழகான கையெழுத்தில் எழுதி வைத்தது யார்? பதினைந்து நாள் விடுமுறையில் போனவரா? அந்த வகுப்புக்கு ஏற்கனவே ஒரு டீச்சர் இருந்தார். நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பும் இருந்தார், நீங்கள் திரும்பி வந்து பதிவு எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறார்.

எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று கேட்பவர்களுக்காகப் பழைய கதையைச் சொல்கிறேன். ஏற்கனவே இந்தக் கதை தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

என் கணவருக்கு மலாவித் தலைநகர் லிலோங்வேயில் வேலை. எனக்கு வீட்டில் கொட்டாவி. 2017 செப்டம்பரில் அங்கே பள்ளி ஆண்டு தொடங்கியபோது, டெட்சா போகிற சாலையில் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் வாரம் மூன்று நாள் கணக்கு சொல்லித்தரப் போனேன். மினிபஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து கபாசா, அதாவது சைக்கிள் டாக்சி. மழை மாதங்களில் அந்தச் சேற்றில் சைக்கிளை நானும் சேர்ந்து தள்ளியிருக்கிறேன். முதல் நாள் இரண்டாம் வகுப்பு. நூற்றுப் பத்துக்கு மேல் பிள்ளைகள், எல்லாரும் தரையில். நான் எம்.எஸ்சி. கணிதம் அல்லவா, பலகையில் 5 + 3 எழுதி ஆங்கிலத்தில் விளாசினேன். "அண்டர்ஸ்டாண்ட்?" என்றேன். "யெஸ் மேடம்!" தகரக் கூரை அதிர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மணி அடித்த பிறகு அந்த வகுப்பின் டீச்சர் நாலு பிள்ளைகளைக் கூப்பிட்டு, நான் எழுதியதைக் காட்டி எத்தனை என்று கேட்டார். நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜன்னல் திட்டில் இருந்த துணிப்பையைக் கவிழ்த்தார். எல்லாம் சோடா மூடிகள். ஐந்தை ஒரு பக்கம் தள்ளினார், மூன்றை ஒரு பக்கம் தள்ளினார், சிச்சேவாவில் கேட்டார். நாலு பேரும் ஒரே குரலில் "ஸிஸானு ந்தி ஸிடாட்டு" என்றார்கள். அந்த மொழியில் எட்டுக்குத் தனிச் சொல் கிடையாது. 'ஐந்தும் மூன்றும்' என்பதே எட்டின் பெயர். ஆறு என்றால் ஐந்தும் ஒன்றும், ஒன்பது என்றால் ஐந்தும் நான்கும். நான் மூச்சு முட்ட நடத்திய பாடம் அந்தப் பிள்ளைகளின் வாயில் ஏற்கனவே இருந்தது. அது தெரிந்தவர் அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார், அது நான் இல்லை. (பதிலுக்கு அவர் தமிழ் எண்களைக் கேட்டார். ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் வரை வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். நியாயம்தான்.)

அங்கே 1994-இல் பல கட்சித் தேர்தல் நடந்து பகிலி முலுசி அதிபரானதும் தொடக்கக் கல்வியை இலவசமாக்கினார்கள். 19 லட்சம் பிள்ளைகள் இருந்த இடத்தில் ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட 30 லட்சம். ஏறக்குறைய 20,000 பேரைச் சில வாரப் பயிற்சியோடு ஆசிரியர்களாக அனுப்பினார்கள். அந்த வருடம் முதல் வகுப்பில் மரத்தடியில் உட்கார்ந்த பிள்ளைகளில் எங்கள் பள்ளி டீச்சரும் ஒருவர். பிறகு ஒரு வருடம் பயிற்சிக் கல்லூரியில், ஒரு வருடம் பள்ளியில் என்று முறையாகப் படித்துத் தேறி வந்தவர். அங்கே ஒரு ஆசிரியருக்கு 60 பிள்ளைகள் என்பதே அரசு வைத்திருக்கும் இலக்கு. இலக்கே அறுபது! எங்கள் டீச்சரிடம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அந்தப் படத்தில் இருப்பவரிடம் அதற்கும் மேல். உதவியாளராம்.

சரி, கமென்ட்டுகளுக்கு வருகிறேன்.

"ஏதோ நல்லது செய்தால் அதிலும் குறையா?" நல்லது செய்ததில் குறை சொல்லவில்லை. அதைத் தினமும் செய்கிறவருக்கு வைத்த பெயரில் குறை சொல்கிறேன். இரண்டும் வேறு.

"அங்கே டீச்சர்களே பாதி நாள் வரமாட்டார்களாம்." ஆமாம், மாதக் கடைசியில் எங்கள் டீச்சரும் இரண்டு நாள் வரமாட்டார். சம்பளம் எடுக்க டவுனுக்குப் போக வேண்டும், போய் வரிசையில் நிற்க வேண்டும், சில மாதம் சம்பளமே வந்திருக்காது, திரும்பி வருவார். வராத நாளை எண்ணுகிறவர்கள் வந்த நாளையும் எண்ணுங்கள்.

"நம்ம ஊரில் பள்ளிக்கூடம் இல்லையா?" இதற்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நீங்கள் போங்கள். நான் தடுக்கவில்லை.

"அந்தப் பதிவால் பணம் சேர்ந்து பெஞ்சு வந்ததே, உங்கள் கமென்ட்டால் என்ன வந்தது?" இது கொஞ்சம் வலிக்கிற கேள்வி. பெஞ்சு நல்லதுதான். டெட்சா குளிரில், ஜூன் மாதம், அந்த சிமென்ட் தரை எப்படி ஜில்லென்று இருக்கும் என்று தெரியும். ஆனால் பெஞ்சுக்குப் பணம் கொடுத்தவர்கள், அவர் டீச்சர் என்று எழுதியிருந்தால் கொடுத்திருக்க மாட்டார்களா? டீச்சர் இல்லாத பள்ளி என்றால்தான் கை நீளுமா? அப்படியென்றால் அது என்ன இரக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

அப்புறம், என் பழைய ஆல்பத்தைத் தோண்டி எடுத்த அந்த நண்பருக்கு. ஆமாம், நானும் படம் போட்டேன். பிள்ளைகளுக்கு நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது நானேதான். டீச்சர் அதில் நாலே படத்தில்தான் இருக்கிறார், ஒன்றில் எனக்குக் குடை பிடித்தபடி. ஆனால் நான் பதினைந்து நாள் போய்விட்டு... சரி, விடுங்கள். அந்தக் குடைப் படத்தை நேற்று ஆல்பத்திலிருந்து நீக்கிவிட்டேன். நீக்கியது சரியா என்றும் தெரியவில்லை. இப்போது மூன்று படத்தில்தான் இருக்கிறார்.

சிச்சேவாவில் ஒரு ஆசிரியரை 'ம்புன்ஸிட்ஸி' என்பார்கள். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். 'அபுன்ஸிட்ஸி' என்று பன்மையில்தான் கூப்பிடுவார்கள். நாம் ஒருவரையே 'ஆசிரியர்' என்று 'அர்' போட்டுச் சொல்வதைப் போலத்தான். அவரைவிட வயதில் மூத்த தாத்தாக்கள்கூட வழியில் நின்று, முழங்காலை லேசாக மடக்கி, அந்தப் பன்மையில்தான் வணக்கம் சொல்வார்கள். ஊரே பன்மையில் கூப்பிடுகிற ஒருவரை நாம் தமிழில் ஒரே சொல்லில் இறக்கி வைத்துவிட்டோம்.

என் அம்மா அங்கன்வாடிப் பணியாளர். டீச்சர். உதவியாளர் வேறு ஒருவர், அவரும் நல்ல மனுஷி, அது வேறு விஷயம். யாராவது பார்வையிட வருவார்கள், பிள்ளைகளை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். "ஆயாம்மா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்பார்கள் அம்மாவைப் பார்த்து. அம்மா ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை. நகர்ந்து நிற்பார். வீட்டுக்கு வந்து அன்றைக்கு மட்டும் பாத்திரம் கொஞ்சம் சத்தமாக விழும். நான் எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் கூடப் போயிருந்தேன், நானும் வாயைத் திறக்கவில்லை.

அதனால் பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு ஒரே ஒரு தகவல். பதிவின் மேல் மூன்று புள்ளி இருக்கும். அதைத் தட்டினால் 'திருத்து' என்று வரும். ஒரு சொல்லை மாற்றப் பத்து விநாடி ஆகாது. நேற்று இரவு பதினொன்றரை மணிக்குக்கூடப் போய்ப் பார்த்தேன். லைக் ஏறியிருந்தது. சொல் அப்படியே இருந்தது.