கேட்கிற பிள்ளையின் வாயை ஏன் அடைக்கிறீர்கள்?

"அதெல்லாம் உனக்கு எதற்கு?" இதைக் காதில் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பிள்ளை தானாக ஒன்றைக் கவனித்து, யோசித்து, விளங்காமல் நம்மிடம் வந்து கேட்கிறது. நாம் முதலில் செய்கிற காரியம் அதன் வாயை அடைப்பது. அதிகப்பிரசங்கி என்போம், வாயாடி என்போம், சொன்னதை மட்டும் செய் என்போம். பதில் மட்டும் சொல்ல மாட்டோம்.

பெங்களூரு அல்சூரில் என் தம்பி வீட்டில் சென்ற வாரம் நடந்தது இது. அவன் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். விடுமுறையைச் சென்னையில் பாட்டியோடு கழித்துவிட்டுத் திரும்பியிருந்தாள். அன்று குக்கர் பழுது என்று திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியில் நான்கு பருப்பை எடுத்து, விரலால் நசுக்கிப் பார்த்தவள், "அப்பா, பாட்டி வீட்டில் இந்நேரம் குழைந்திருக்குமே, இங்கே மட்டும் ஏன் வேகவில்லை?" என்றாள். தம்பி கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வெந்ததும் சாப்பிடு, ஆராய்ச்சி வேண்டாம்" என்றான். அவன் மனைவி, "இந்த ஊர்த் தண்ணீர் அப்படித்தான்" என்று முடித்துவிட்டாள். பிள்ளை கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எவ்வளவு அருமையான கேள்வி அது! பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் இங்கே 97 டிகிரியை ஒட்டியே கொதிக்கிறது. அடுப்பை எவ்வளவு கூட்டி வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். குக்கர் ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால்தான் உள்ளே 100 டிகிரியைத் தாண்டிச் சூடு ஏறுகிறது, பருப்பும் சட்டென்று வேகிறது. தம்பி மனைவி சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம், பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளோடு சேர்ந்து அதை இளகவிடாமல் இறுக்கிவிடும். அப்படியானால் இந்த வீட்டில் தாமதத்துக்கு உயரம் எவ்வளவு காரணம், தண்ணீர் எவ்வளவு காரணம்? ஒரே அளவு பருப்பை இரண்டு பாத்திரங்களில், ஒன்றில் குழாய்த் தண்ணீரும் மற்றொன்றில் ஆர்.ஓ. கருவியில் சுத்திகரித்த தண்ணீரும் ஊற்றி வேகவைத்தால் பாதி விடை கையில் கிடைத்துவிடும். இரண்டு ஊர்ச் சமையலை ஒப்பிட்டுப் பார்த்து ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள் அந்தக் குழந்தை. அவளுக்கா "ஆராய்ச்சி வேண்டாம்"?

பள்ளியிலாவது கேட்கலாம் என்று போயிருக்கிறாள். "இது பாடத்தில் இல்லை, தேர்வுக்கு வராது, உட்கார்" என்றாராம் ஆசிரியை. இதே பள்ளி ஆண்டுதோறும் பிப்ரவரி 28 அன்று தேசிய அறிவியல் தினம் கொண்டாடுகிறது. தாளில் வண்ணப் படங்கள், எழுதிக் கொடுத்த பேச்சு, மனப்பாடம், கைதட்டல்.

அந்த நாள் எங்கிருந்து வந்தது? திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன் 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். வானத்தின் நீலம்தான் கடலில் எதிரொளிக்கிறது என்று ரேலி என்ற பெரிய அறிஞர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ராமன் அத்துடன் அடங்கிவிடவில்லை. நிகோல் பட்டகம் என்ற, ஒளியை வடிகட்டும் படிகத்தால் மேற்பரப்பில் எதிரொளிக்கும் வெளிச்சத்தை விலக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, தண்ணீருக்குள்ளிருந்தே வந்தது. அங்கே தொடங்கிய தேடல்தான் 1928 பிப்ரவரி 28 அன்று ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் சிறு பகுதி நிறம் மாறுகிறது என்ற ராமன் விளைவாகவும் 1930இல் நோபல் பரிசாகவும் முடிந்தது. அவர் 1948இல் ஆய்வுக்கூடம் அமைத்ததும் 1970இல் காலமானதும் இதே பெங்களூருவில். அவர் பெயரில் விழா எடுத்துக்கொண்டு, கேள்வி கேட்ட பிள்ளையை உட்கார வைப்பதற்கு எப்படி மனம் வருகிறது?

வாயை அடைப்பவர்களை விட, வாய்க்கு வந்ததைச் சொல்பவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பது வீட்டு வழக்கம் என்றால் வழக்கம் என்றே சொல்லுங்கள். ரத்தத்திலுள்ள இரும்பைப் பூமியின் காந்தம் இழுக்கும் என்று ஏன் கதை கட்டுகிறீர்கள்? ரத்தத்தில் இருப்பது ஆணி இரும்பு இல்லை. ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் பிணைந்திருக்கும் தனித்தனி இரும்பு அணுக்கள். எம்ஆர்ஐ கருவியின் காந்தம் பூமியின் காந்தத்தைப் போல் பல ஆயிரம் மடங்கு வலிமையானது. அதற்குள் படுத்தவர்களின் ரத்தம் தலைக்கு ஏறிவிட்டதா? தண்ணீரில் ஊறிய விரல் ஏன் சுருங்குகிறது என்று கேட்டாலும் இதே கதைதான். தோல் நீரை உறிஞ்சி உப்பிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறோம். நரம்பு துண்டிக்கப்பட்ட விரல் எவ்வளவு ஊறினாலும் அப்படிச் சுருங்குவதில்லை. விரலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, தோலை மடிய வைப்பது நரம்புகளின் வேலை. தப்பான பதிலைப் பிள்ளை வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறது, அதைத் தன் பிள்ளைக்கும் கொடுக்கிறது.

"தெரியவில்லை, வா பார்க்கலாம்" என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? அப்படிச் சொன்னால் அப்பாவின் மரியாதை குறைந்துவிடுமா? கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அறிவியல் அருங்காட்சியகம் இருக்கிறது, அல்சூரிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரம். வாரம் தவறாமல் மாலுக்குப் போகிற குடும்பம் அந்த வாசலை மிதித்ததில்லை.

பள்ளி நடத்துகிறவர்களே, வரும் பிப்ரவரி 28 அன்று அந்த மனப்பாடப் பேச்சை நிறுத்துங்கள். பிள்ளைகள் மேடையேறிக் கேட்கட்டும். நீங்களும் பெற்றோரும் கீழே உட்கார்ந்து பதில் சொல்லப் பாருங்கள். தெரியாததை எழுதிக்கொண்டு போய், தேடிப் படித்து, அடுத்த வாரம் அதே பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.