அமீரின் சட்டைக் கையைப் பாருங்கள்

ஜப்பானிய ஓவியர் கவோரு மோரியின் 'எ பிரைட்ஸ் ஸ்டோரி' மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, மூன்றாவது தடவையாக எடுத்திருக்கிறேன். ஒரு பக்கம் திருப்பப் பத்து நிமிஷம் ஆகிறது. வசனம் கொஞ்சம்தான். கண்தான் நகர மாட்டேன் என்கிறது.

19ஆம் நூற்றாண்டு மத்திய ஆசியா. 20 வயது அமீர், 12 வயது கார்லுக்குக்கு மனைவியாக வந்து சேர்கிறாள். அந்த வயதுக் கணக்கு எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தச் சட்டைக் கையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பூ வேலை விளிம்போடு ஓடுகிறது. முழங்கை மடங்கும் இடத்தில் துணி சுருங்க, பூவும் கூடவே சுருங்குகிறது. மங்காவில் துணிக்கு டிசைன் வேண்டுமென்றால் ஸ்கிரீன்டோன் என்கிற, டிசைன் அச்சிட்ட ஒட்டுத்தாளை வெட்டி ஒட்டிவிடலாம், வேலை சுலபம். ஆனால் ஒட்டிய டிசைன் மடிப்பைக் கண்டுகொள்ளாது, தட்டையாகக் கிடக்கும். மோரி ஒவ்வொரு இதழையும் பேனாவால் இழுக்கிறார். அமீர் குதிரையில் பாய்ந்துகொண்டே வில்லை இழுக்கும்போதும் அந்தப் பூக்கள் விட்டுப்போவதில்லை. கறுப்பு வெள்ளைதான், ஆனாலும் சிவப்பு நூல் எது என்று என்னால் சொல்லிவிட முடியும் போலிருக்கிறது!

வீட்டு வேலைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு, மரத்தூண் செதுக்கும் தாத்தாவையே பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவன் ரொஸ்தெமைப் பார்க்கும்போது, நானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றும்.

7ஆம் தொகுதியில் கதை பாரசீகத்துக்குப் போகிறது. உடனே கோடும் மாறிவிடுகிறது. மெல்லிய இழைபோல, பக்கமெல்லாம் வெள்ளை வெளியாக. பணக்கார வீட்டின் சுவருக்குள் தனியாக இருக்கும் அனிஸின் தனிமையை அந்த வெள்ளை சொல்லிவிடுகிறது. ஒரே ஓவியர், ஒரே தொடர், வேறு கை. இந்தத் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

எனக்கு மிகப் பிடித்தது பாட்டி பால்கிர்ஷ், சிறுமி திலேகேவுக்குப் பழைய துணிகளை விரித்துக் காட்டும் இடம். இந்தப் பூ இன்னார் போட்டது, இது அவருடைய அம்மா போட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண் இருக்கிறாள். போய்ச் சேர்ந்தவர்கள் எல்லாரும் தையலில் இருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு, ஊர் தாக்கப்பட்டு அமீரின் தோழி பாரியா தன் கல்யாணத்துக்குத் தைத்து வைத்த துணிகளை இழக்கும்போது நெஞ்சடைத்துப் போனேன். ஒரு முழம் பூ வேலைக்கு எவ்வளவு உழைப்பு என்பதை மோரி அதற்குள் எனக்கு வரைந்தே காட்டியிருந்தாரே. ரொட்டியில் அழகழகாகக் கோலம் போடத் தெரிந்த, ஆனால் ஊசி வேலைக்குப் பொறுமையே இல்லாத அந்தப் பெண், மறுபடி முதலிலிருந்து தைக்க உட்காருகிறாள்.