பெரிய படகு வாங்கப் போகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது

இந்த வாரம் மட்டும் மூன்று பேர் உள்பெட்டியில் வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். டிங்கி என்கிற சின்னப் பாய்மரப் படகை ஓட்டிப் பழகிவிட்டது, அடுத்து எத்தனை அடிப் படகு வாங்கலாம், 30 போதுமா, 36-க்கே போய்விடலாமா, எப்படியும் பின்னால் பெரியதுதான் வாங்கப்போகிறோம், இரண்டு தடவை எதற்குச் செலவு என்று. தனித்தனியாக எழுதி மாளவில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன். ஒரேயடியாகத் தாவாதீர்கள். 14 அடியிலிருந்து 22, 24 அடிக்குப் போங்கள், அதில் இரண்டு மூன்று பருவம் ஓட்டுங்கள், இன்னும் பெரியது தேவையா இல்லையா என்று அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். நான் அப்படிச் செய்யவில்லை. ஆறு வருடம் 14 அடி டிங்கி ஓட்டிவிட்டு நேராக 31 அடிப் படகில் ஏறினேன். முதல் வருடத்தில் யாருக்கும் கை கால் போகாமல் தப்பியதற்கு என் திறமை காரணம் இல்லை.

நீளம் என்கிற எண்ணை நம்பாதீர்கள். ஒரு படகை அதே வடிவத்தில் இரண்டு மடங்கு நீளமாக்கினால் பாயின் பரப்பு நான்கு மடங்காகும், எடை எட்டு மடங்காகும். எழுதிப் பார்த்தால் பள்ளிக்கூடக் கணக்கு, ஆனால் கயிறு கையில் இருக்கும்போது அது வேறு விஷயம். பலருக்கும் தெரிந்த லேசர் படகை எடுத்துக்கொள்ளுங்கள். 4.2 மீட்டர் நீளம், படகின் உடல் மட்டும் 59 கிலோ, பாய் 7 சதுர மீட்டர். ஜே/24 என்ற கீல் படகு (அடியில் கனமான துடுப்பு மாதிரி ஒன்று பொருத்தியது) 7.3 மீட்டர், எடை சுமார் 1,400 கிலோ, இரண்டு பாயும் சேர்ந்து 24 சதுர மீட்டர் வரும். நீளம் இரண்டு மடங்குகூட இல்லை, எடை இருபது மடங்குக்கு மேல். லேசரில் அடிப்பாரம் என்று ஒன்றும் கிடையாது, வெளியே சாய்ந்து உட்காரும் உங்கள் உடம்புதான் பாரம், அதனால் இந்த ஒப்பீடு முழுக்கச் சரியில்லை என்று சிலர் சொல்வார்கள். சரிதான். ஆனால் மாறுவதே அதுதான். டிங்கியில் படகை நிமிர்த்திப் பிடிப்பது நீங்கள், பெரிய படகில் அந்த வேலையைக் கீலில் இருக்கும் ஈயமோ இரும்போ எடுத்துக்கொள்கிறது. நீங்கள் இந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் படகு பெரிதாகக் கண்டுகொள்ளாது.

இதனால் வரும் ஆபத்தைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம். சின்னப் படகு உடனே பேசும். ஒரு வீச்சு காற்று வந்தால் அரை நொடியில் படகு சாயும், கயிறு கையை இழுக்கும், நீங்கள் கயிற்றை விடுவீர்கள் அல்லது நனைவீர்கள். தப்புக்கும் தண்டனைக்கும் நடுவில் இடைவெளியே இருக்காது, அதனால்தான் அதில் அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கிறோம். பெரிய படகு பொறுத்துக்கொள்ளும். கொஞ்சம் சாயும், சுக்கான் கொஞ்சம் கனக்கும், அணியம், அதாவது படகின் முன்முனை, காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும், மற்றபடி எல்லாம் நன்றாக இருப்பது போலவே தோன்றும். தாங்க முடியாத கட்டம் வந்து அது சொல்லும்போது, பாய்க் கயிற்றில் நூற்றுக்கணக்கான கிலோ விசை ஏறி நிற்கும். அந்தக் கயிற்றைக் கையால் பிடிக்க முடியாது, வின்ச் என்ற உருளையில் சுற்றித்தான் பிடிக்க வேண்டும், சுற்றுக்கும் உருளைக்கும் நடுவில் விரல் மாட்டினால் விரல் போய்விடும்.

காற்றின் விசை வேகத்தின் இருமடியில் ஏறும். 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று 14 ஆனால் விசை இரண்டு மடங்கு, 20 ஆனால் நான்கு மடங்கு. பின்காற்றில் ஓடும்போது இது நம்மை நன்றாக ஏமாற்றும். உண்மையில் 17 நாட் காற்று அடிக்கிறது, படகு 7 நாட் வேகத்தில் அதே திசையில் போகிறது, முகத்தில் படுவது 10 நாட்தான். வெயில் இதமாக இருக்கும், எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். திரும்ப வேண்டும் என்று அணியத்தைக் காற்றுப் பக்கம் திருப்பினால் அதே காற்று 21, 22 நாட் வேகத்தில் அறையும். பாயின் மேல் விசை ஏறத்தாழ ஐந்து மடங்கு. டிங்கியில் இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமல் போனதே இல்லை, ஏனென்றால் என் பிட்டம் தண்ணீரிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது, அலையின் முகத்தைப் பார்த்தே காற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். 31 அடிப் படகின் காக்பிட்டில், அதாவது ஓட்டுபவர் உட்காரும் இடத்தில், ஏறி உட்கார்ந்த சில மாதங்களிலேயே காற்றளக்கும் கருவியில் வரும் எண்ணைப் பார்த்து ஓட்டும் பழக்கம் வந்துவிட்டது. ரீஃப் போட, அதாவது பாயைச் சுருக்கிக் கட்ட, வேண்டுமா என்று யோசனை வந்தாலே உடனே போட்டுவிடுங்கள். பாயைச் சுருக்கியதற்காக நான் வருத்தப்பட்ட நாள் ஒன்றுகூட இல்லை.

கரைசேர்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பயந்து நடுங்கியது கடலில் இல்லை, ஜெட்டி பக்கத்தில்தான். வாங்கிய இரண்டாவது வாரம், பக்கவாட்டுக் காற்று, மெதுவாகத்தான் உள்ளே வந்தேன், டிங்கியில் வருகிற மாதிரி. அதில் கடைசி நேரத்தில் பாயைத் தளரவிட்டால் படகு தானாக நின்றுவிடும், கொஞ்சம் இடித்தாலும் கையை நீட்டித் தள்ளிவிடலாம். இந்தப் படகு ஐந்து டன். நான் நின்றுவிட்டதாக நினைத்த இடத்தில் அது நிற்கவில்லை. வேகம் குறையக் குறையச் சுக்கானுக்குப் பிடிமானம் போய்விட்டது, காற்று அணியத்தை வெளியே தள்ளியது, பதறிப்போய் எஞ்சினைப் பின்கியரில் போட்டேன், எஞ்சினின் விசிறி படகின் பின்பக்கத்தை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விட்டது. பின்கியர் போட்டால் இப்படி ஒரு பக்கமாக இழுக்கும் என்பதையே அன்றைக்கு வரை நான் பழகிப் பார்த்திருக்கவில்லை. முன்னால் நின்ற நண்பர் நல்ல மனதோடு காலை நீட்டினார், படகுக்கும் தூணுக்கும் நடுவில். நான் கத்திய கத்தலில் அவர் காலை இழுத்துக்கொண்டார், அடுத்த கணம் அந்த இடத்தில் அணியத்தின் எஃகுக் கம்பி தூணில் மோதி வளைந்தது. அந்த வளைவை நான் இன்னும் நிமிர்த்தவில்லை. படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அதைக் காட்டிவிட்டு, எது நடந்தாலும் கையும் காலும் வெளியே போகக் கூடாது, பெண்டர் என்ற, மோதலைத் தாங்கும் மெத்தை மட்டும்தான் போக வேண்டும் என்று சொல்கிறேன்.

வேகத்துக்காகப் பெரிய படகு வாங்குகிறேன் என்பவர்களுக்கும் ஒன்று. கனமான கீல் படகின் வேகம் நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தோடு கட்டுப்பட்டது. அடியில் அளந்து வர்க்கமூலம் எடுத்து 1.34 ஆல் பெருக்கினால் உச்சவேகம் ஏறத்தாழ நாட் கணக்கில் வரும். 16 அடிக்கு 5.4, 25 அடிக்கு 6.7, 36 அடிக்கு 8. 25 அடியிலிருந்து 36-க்கு எடையும் செலவும் எங்கேயோ ஏறிவிடும், கிடைப்பது 1.3 நாட். பல நாள் பயணத்தில் அது பெரிய விஷயம், ஒரு நாளைக்கு 30 கடல் மைல் கூடுதலாகக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் மாலையில் திரும்புகிறவருக்கு அதனால் என்ன?

எடை கூடினால் அது மட்டும் கூடுவதோடு நிற்காது. 8 மில்லிமீட்டர் நங்கூரச் சங்கிலி மீட்டருக்கு 1.4 கிலோ, 10 மில்லிமீட்டர் 2.2 கிலோவுக்கு மேல். 50 மீட்டர் என்றால் 70 கிலோவுக்கும் 110 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம், கூட நங்கூரத்தின் எடை வேறு. முதுகு அதைத் தாங்காது, மின்மோட்டார் வேண்டும், அதற்குப் பெரிய பேட்டரி, பேட்டரியை நிரப்ப எஞ்சின் ஓட வேண்டும் அல்லது சோலார் பலகை. அந்த மோட்டார் ஒரு நாள் நின்றுபோகும், பெரும்பாலும் காற்று ஏறி நங்கூரத்தை எடுத்தே ஆக வேண்டிய இரவில். அன்றைக்கு அந்த 110 கிலோவைக் கையால் தூக்கக்கூடியவர் படகில் இருக்கிறாரா? படகின் அளவை முடிவுசெய்ய இந்தக் கேள்வியைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். எத்தனை பேர் படுக்கலாம் என்று எண்ணுவதைவிட, ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் தனியாக எதையெல்லாம் செய்ய முடியும் என்று எண்ணுங்கள்.

லின் பார்டி, லாரி பார்டி என்ற கடலோடித் தம்பதி 24 அடி 4 அங்குலப் படகைத் தாங்களே கட்டி 1968-ல் நீரில் இறக்கினார்கள், எஞ்சினே இல்லாமல் அதில் உலகம் சுற்றினார்கள். அடுத்ததாக 1983-ல் இறக்கிய படகு எவ்வளவு பெரியது தெரியுமா? 29 அடி 6 அங்குலம். அவ்வளவு கடலைப் பார்த்தவர்கள் கூட்டியது ஐந்து அடிதான். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற கடலோடி 1968, 69-ல் தனியாக, எங்கும் நிற்காமல் முதன்முதலில் உலகைச் சுற்றிய படகு 32 அடி. இந்தியக் கடலோடி அபிலாஷ் டோமி 56 அடிப் படகில் தனியாக உலகைச் சுற்றிவந்த பிறகு, தனியாக உலகைச் சுற்றும் 2018 கோல்டன் குளோப் பந்தயத்துக்கு 32 அடிப் படகில் போனார். அது பந்தய விதிக்காகத்தான், ஆனாலும் அடுத்த முறை 36 அடியில் அவர் இரண்டாவதாக வந்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம் கொஞ்சம் இல்லை.

பெரிய படகே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது கொடுப்பதை டிங்கி ஒருநாளும் கொடுக்காது. முதல் முறை இரவு முழுக்க ஓட்டிய நாள் எனக்கு மறக்காது. 7 மீட்டருக்குக் குறைந்த பாய்மரப் படகில் முறையான விளக்கு வைக்க வசதியில்லை என்றால் கையில் டார்ச் இருந்தாலே கடல் விதிகள் ஒத்துக்கொள்ளும், அதனால் விளக்குகளைப் பற்றி அதுவரை நான் யோசித்ததே இல்லை. அன்றைக்குப் பாய்மர உச்சியில் சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றும் ஒரே விளக்கில் எரிய, கீழே என் மனைவி உலர்ந்த போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். அலை ஏறி இறங்கியது, படகு தூளி மாதிரி மெதுவாகத்தான் அசைந்தது. அந்த நிதானத்துக்காகத்தான் நான் மாறினேன், அது கிடைத்தது.

ஆனால் நடுவில் ஒரு 24 அடிப் படகு இருந்திருந்தால் வின்ச், ரீஃப், பின்கியர், நங்கூரம் எல்லாவற்றையும் தப்புச் செய்தாலும் பிழைக்கக்கூடிய எடையில் கற்றிருப்பேன். வாங்க வசதி இல்லையென்றால் அந்த அளவுப் படகு வைத்திருப்பவரோடு உதவி ஆளாகப் போங்கள், நல்ல காற்று நாளில் மட்டும் போகாமல் கொஞ்சம் முரட்டு நாளிலும் போங்கள். புதுப் படகு வந்ததும் காற்றே இல்லாத ஒரு காலையில் திறந்த நீரில் ஒரு மிதவையைப் போட்டு, அதன் பக்கத்தில் நிறுத்தவும் பின்னால் போகவும் அரை நாள் பழகுங்கள். நான் அதைச் செய்தது கம்பி வளைந்த பிறகு.

அப்புறம் டிங்கியை விற்றுவிடாதீர்கள். என்னுடையது இன்னும் இருக்கிறது. போன மாதம் பெரிய படகில் காற்று பத்து டிகிரி திரும்பியதைக் கருவி காட்டித்தான் எனக்குத் தெரிந்தது, கன்னத்தில் தெரியவில்லை. அடுத்த நாள் காலை டிங்கியை இறக்கி மூன்று மணி நேரம் ஓட்டினேன், இரண்டு முறை கவிழ்ந்தேன்.