மாமாவின் குடம் காணிக்கையாகாதா?

அறுப்பின் பண்டிகை அன்று எங்கள் சபையில் பலிபீடத்துக்கு முன்னால் வராத பொருள் கிடையாது. மரச்சீனி மூட்டோடு வரும். செந்துளுவன் குலை, சக்கை, தேங்காய், ஒரு படி நல்லமிளகு, கால் கட்டிய சேவல் என்று எல்லாம் வரும். களியக்காவிளை தாண்டி கேரளத்துப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் முதல் ஆராதனை தமிழ், இரண்டாவது மலையாளம். ஆனால் முற்றத்தில் ஏலம் ஒன்றுதான். ஒற்றைத் தேங்காய் ஐந்நூறு ரூபாய்க்குப் போகும். கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் ஒரே சந்தோஷம்.

போன வருடம் என் மாமா தன் குடத்தைக் கொண்டுவந்தார். ஏலத்துக்கு இல்லை. அடித்துப் பாடுவதற்கு. வில்லுப்பாட்டில் அவர் குடக்காரர். போவாஸின் வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தின் கதையை அவரே பாட்டாகக் கட்டி, பத்து நிமிடத்துக்குச் சுருக்கி, இரண்டு மாதம் பழகியிருந்தார். அறுப்பின் பண்டிகைக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேதத்தில் எங்கே இருக்கிறது?

கமிட்டியில் ஒருவர் வாசலிலேயே நிறுத்தினார். "வில்லு கொடைக்கு உள்ளதாக்கும். ஆராதனைக்குப் பற்றாது." கொடை என்றால் மாடன், அம்மன் கோயில் திருவிழா.

மாமா ஒன்றும் பேசவில்லை. துவர்த்தை, அதாவது துண்டை, எடுத்துக் குடத்தைச் சுற்றினார். கடைசிப் பெஞ்சில் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அழுகிற நிலையில் போய் நின்றபோது, "அவிய சொல்லது சொல்லட்டும் மக்களே. நீ அந்தச் செந்துளுவன் குலையை ஏலத்துல எடு, பிள்ளைகளுக்கு ஆகும்" என்றார். அன்று எல்.இ.டி. திரையில் ஏதோ வெளிநாட்டு அருவி ஓடியது. பாட்டுக்கு இசை பென்டிரைவிலிருந்து வந்தது. சபைக்குள் தாளம் தெரிந்த ஒரு மனிதர் கை கட்டி உட்கார்ந்திருந்தார்.

அதிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மண்ணில் விளைந்ததைக் காணிக்கையாக ஏற்கும் நாம், கையில் விளைந்ததை ஏன் ஏற்க மறுக்கிறோம்?

யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தை எத்தனை முறை வாசித்திருப்போம். தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று வேதம் வெளிப்படையாகச் சொல்லும் முதல் ஆள் அரசனோ ஆசாரியனோ தீர்க்கதரிசியோ இல்லை. பெசலெயேல் என்ற கைவினைஞன். பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் எல்லாவற்றிலும் வேலை தெரிந்தவன். 35-ஆம் அதிகாரத்தில் பெண்கள் தங்கள் கையால் நூற்ற நூலைக் கொண்டுவருகிறார்கள். ஆட்டுமயிரைத் திரிக்கிறார்கள். இஸ்ரவேலர் தொழுத ஆசரிப்புக் கூடாரம் எழுந்தது இப்படிப் பல பேருடைய கையால். நாகர்கோவிலில் 1820-களில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நூல் நூற்ற பெண்கள்தான் ஞாபகம் வருவார்கள். அந்த லேஸ் கடல் தாண்டியும் பேர் வாங்கியது. இன்று எங்கள் பலிபீடத்து விரிப்பு கடையில் வாங்கிய பாலியஸ்டர். பின்னத் தெரிந்த பாட்டிமார் இன்னும் இரண்டு பேர் எங்கள் சபையில் இருக்கிறார்கள். யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

வாசலில் நிறுத்தியவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லவேண்டும். அவர் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே தென் திருவிதாங்கூருக்கு வந்து, 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழும்பிய காலம் தொட்டு, இந்தப் பக்கத்தில் கிறிஸ்தவரானவர்கள் பலர் விட்டு வந்தது வெறும் பழக்கத்தை மட்டும் இல்லை. பேய்க்கும் மாடனுக்கும் நடுங்கி வாழ்ந்த வாழ்க்கையை விட்டு வந்தார்கள். கொடையில் வில் ஒலித்தால் சாமி வரும், ஆட்டம் வரும், பலி கேட்கும். அந்த ஓசை கேட்டாலே உடம்பு நடுங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பறையின் கதை இன்னும் வேதனையானது. சாவு வீட்டில் அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள், "இனி அடிக்கமாட்டோம்" என்று கீழே வைத்தது மானத்துக்காக. அவர்கள் ஆர்மோனியத்தைக் கையில் எடுத்தபோது தலை நிமிர்ந்தார்கள். இதை அறியாமல் "நம்ம மண்ணின் கலை" என்று மேடையில் முழங்குவது எனக்குப் பிடிக்காது.

ஆனால் அந்தப் பயத்தைத் தாண்டி வந்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்று எல்லோரும் அழைத்தவர், 2005-இல் மறைந்தார். எந்தப் பறை இழிவின் அடையாளமாகக் கழுத்தில் மாட்டப்பட்டதோ, அதே பறையை ஆராதனையின் நடுவே கொண்டுவந்து வைத்தார். நாட்டுப்புற மெட்டில் ஒரு முழு வழிபாட்டு முறையையே அமைத்தார். கீழே வைத்ததும் மானத்துக்காக, திரும்ப எடுத்ததும் மானத்துக்காக. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நமக்கு முழு உண்மை கிடைக்கும்.

அவருக்கு முன்னால் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். குறவஞ்சி என்பது கோயிலிலும் அரண்மனையிலும் ஆடிய வடிவம். அதை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். இன்று நாம் கண்ணை மூடிப் பாடும் கீர்த்தனைகளின் ராகமும் தாளமும் எங்கிருந்து வந்தன? அவையும் ஒரு காலத்தில் "அவங்களுடையது"தான். நாகர்கோவில்காரரான கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் காந்தியின் கதையையே வில்லில் பாடினார். காந்தியின் கதையைத் தாங்கிய வில் ரூத்தின் கதையைத் தாங்காதா?

கேரளத்தில் இருந்துகொண்டு நாம் இதைக் கேட்கவேண்டியிருப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். வடக்கே கொடுங்கல்லூர், கொச்சி பக்கத்து லத்தீன் கத்தோலிக்கர்கள் ஆடும் சவிட்டு நாடகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பலகைத் தட்டில் கால்கள் சேர்ந்து இடிக்கும்போது நெஞ்சு அதிரும். ஐரோப்பிய ராஜா வேடம், சார்லமேன் கதை. பாட்டின் மொழியோ பெரும்பாலும் தமிழ்! வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள், ஆசானிடம் சுவடி கேட்டுத் தமிழில் பாடி ஆடுகிறார்கள். சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர்தான் அந்தக் கதையை எழுதினார் என்று மரபாகச் சொல்கிறார்கள். தமிழும் விசுவாசமும் கலையும் ஒன்றாகச் சேர்ந்து அந்நிய வீட்டில் நூற்றாண்டுகளாக வாழ்கிறது. தமிழ் ஆராதனை நடக்கும் எங்கள் வீட்டில் குடத்துக்கு இடமில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட வழிபாட்டு ஏட்டில், எந்த ஒரு கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாக வைத்துக்கொள்ளவில்லை என்று எழுதி வைத்தது. மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்புக் கொடுக்கவேண்டும் என்றும் சொன்னது. நாம் வேறு சபைதான். ஆனாலும் இது நாமும் உட்கார்ந்து வாசிக்கவேண்டிய பாடம்.

"ஆராதனை கச்சேரி ஆகிவிடும்" என்று ஒரு அக்கா என்னிடம் சொன்னார். நியாயமான கவலை. பாடுகிறவர் மேல் வெளிச்சம் விழுந்து, மற்றவர்கள் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றால் அது கச்சேரிதான். இப்போதே நம் மேடைகளில் பாதி அப்படித்தான் நடக்கிறது. வில்லில் அது முடியாது என்று நினைக்கிறேன். வில்லில் ஒருவர் வலத்தே பாட, இடத்தே இருப்பவர்கள் "ஆமா" போடவேண்டும். சபை பதில் சொல்லாவிட்டால் கதை நகராது. ஆராதனையில் போதகரும் சபையும் மாறி மாறி வாசிப்பதைப் போல.

போன மாதம் ஒரு சாயங்காலம் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் அடிப்பதை முதல்முறையாகக் கிட்ட இருந்து பார்த்தேன். இடது கையில் ஒரு பழைய காசு, குடத்தின் வயிற்றில் தட்டுவதற்கு. வலது கையில் கமுகம்பாளையில் வெட்டிய பத்தி. அதைக் குடத்தின் வாயில் அறைந்ததும் உள்ளேயிருந்து மூச்சு வருவதுபோல ஒரு சத்தம். ரூத்தின் மாமியார் நகோமி மகன்களை இழந்து திரும்பும் இடத்தில் காசை நிறுத்திவிட்டார். பத்தி மட்டும், மெல்ல, இடைவெளி விட்டு விட்டு. "உன் ஜனம் என் ஜனம்" என்று ரூத் சொல்லும் இடத்தில் காசு திரும்ப வந்தது. எண்ணற்ற பிரசங்கம் கேட்ட பகுதி அது. அன்றைக்குத்தான் எனக்குக் கண் நிறைந்தது. எழுபத்தி இரண்டு வயது மனிதர், யாரும் கேட்காத திண்ணையில், அதை ஜெபமாகவே அடித்துக்கொண்டிருந்தார்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டியிடம் எழுத்தாக ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். பாட்டின் வரிகள் முழுவதையும் இணைத்திருக்கிறேன். பத்து நிமிடம், ஆராதனைக்குள், காணிக்கை எடுக்கும் நேரத்தில். பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் அந்த அக்காவும் ஒருவர். போதகர் வாங்கி வைத்திருக்கிறார்.

மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் இன்று காலை போனபோது முற்றத்தில் புதுக் கமுகம்பாளை ஒன்று, கல் வைத்து அமர்த்தி, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.