எத்தனை பேப்பர் போட்டிருக்கா?

ஆடி ஞாயிறு. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் மாரியம்மன் கோயில், கூழ் வாங்க வரிசையில் நிற்கிறோம். அக்கா மகள் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள் என்று யாரோ சொல்ல, முன்னால் நின்ற மாமா ஒருவர் திரும்பிக் கேட்டார்: "அப்படியா, எத்தனை பேப்பர் போட்டிருக்கா?" ஆய்வுக் கட்டுரையைத்தான் சொல்கிறார். மெட்ரிக்கில் எத்தனை டிஸ்டிங்ஷன் என்று கேட்பார்களே, அதே குரல். "பதினொண்ணு மாமா" என்றாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

மாமா மேல் கோபம் இல்லை. இவளுடைய பல்கலைக்கழகத்தில் இந்த வருஷம் பதவி உயர்வுக் குழுவும் அதைத்தான் செய்தது, கொஞ்சம் நாகரிகமாக. எச்-இண்டெக்ஸ் என்று ஓர் எண், 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் போட்ட கணக்கு. உங்கள் கட்டுரைகளில் பத்து, ஒவ்வொன்றும் பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் எண் 10. இவளுடையது 6. போதாதாம்.

சரி, அதே கணக்கை வேறொருவருக்குப் போட்டுப் பார்ப்போம். 1960-ல் வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சண்ட் என்று மூன்று பேர் இதே தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். வடமேற்குக் கேப் பக்கம், நீல ஆஸ்பெஸ்டாஸ் தோண்டுகிற ஊர்கள். நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் வருகிற மீசோதீலியோமா என்ற அபூர்வப் புற்றுநோய். மொத்தம் 33 நோயாளிகள், அவ்வளவுதான். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஏதாவது ஒரு வழியில் அந்தத் தூசியில் புழங்கியவர்களாகவே தெரிந்தார்கள். சுரங்கத்தில் கால் வைக்காதவர்களும் அதில் உண்டு, சின்ன வயதில் பக்கத்தில் வளர்ந்ததோடு சரி, நோய் வந்ததோ பல பத்து வருஷம் கழித்து. ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோய் தரும் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் இன்றைக்கும் அந்தக் கட்டுரையை எடுத்துக் காட்டுகிறார்கள். இங்கே தடை வந்தது 2008-ல்தான், அது தனி வயிற்றெரிச்சல். வாக்னர் அந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு ஓய்ந்திருந்தால், ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் அவருடைய எண் 1. எங்கள் பெண்ணை விட ஐந்து கம்மி!

இதில் பணமும் இருக்கிறது. அங்கீகாரப் பட்டியலில் உள்ள இதழில் ஒரு கட்டுரை வந்தால் ஒரு யூனிட் என்று கணக்குப் பண்ணி, உயர்கல்வித் துறை பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுக்கிறது. லான்செட் மாதிரி பெரிய மருத்துவ இதழில் வந்தாலும் ஒரு யூனிட், யாரும் பிரித்துப் பார்க்காத இதழில் வந்தாலும் ஒரு யூனிட், பட்டியலில் இருந்தால் போதும். அப்புறம் அந்த ஒன்றை எழுதியவர்களுக்குள் பங்கு போடுவார்கள். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து செய்கிற ஆய்வில் நாற்பது பேரில் இவள் ஒருத்தி என்றால், இவள் பல்கலைக்கழகத்துக்குக் கிடைப்பது நாற்பதில் ஒரு பங்கு. புற்றுநோய் ஆய்வோ அப்படி ஊர் கூடி இழுக்க வேண்டிய தேர். தனியாக உட்கார்ந்து, பலாப்பழத்தைச் சுளை சுளையாக விற்கிற மாதிரி ஒரே ஆய்வை நாலாக அறுத்துப் போடுகிறவருக்குத்தான் லாபம்.

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்து வருஷமாக ஒரு வரி எழுதாமல், புற்றுநோய் விழிப்புணர்வு மேடைக்கு மேடை மாலை வாங்குகிற ஆள்களைக் கண்டுபிடிக்க அது உதவும். ஆனால் மேற்கோள் நிறைய இருப்பதால் விஷயம் உண்மையாகிவிடாது. ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனத்து விஞ்ஞானிகள், புற்றுநோயில் பேர் வாங்கிய 53 ஆய்வுகளை எடுத்துத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அதே முடிவு கிடைத்தது 6-ல் மட்டும், 2012-ல் நேச்சர் இதழில் அதை எழுதினார்கள். மீதி 47-ஐ நம்பி எத்தனை பேர் எச்-இண்டெக்ஸ் ஏறியிருக்கும்?

என்னைக் கேட்டால், குழுவில் இருப்பவர்கள் அந்தப் பதினொன்றில் ஒன்றையாவது முழுக்கப் படித்துவிட்டு, "இதில் நீ செய்தது எது?" என்று அவளிடமே கேட்டிருக்கலாம். அரை மணி நேர வேலை. இவளைக் கூப்பிடவே இல்லை.

கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்தால், அத்தான் ஏணி போட்டு ஏறி நிற்கிறார், கையில் டிரில், டிஷ் ஆன்டெனாவுக்குத் துளை போட. எங்கள் வீடு அறுபதுகளில் கவுன்சில் கட்டிக் கொடுத்தது, கூரை ஆஸ்பெஸ்டாஸ். இவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் ஓடி, "அப்பா, கை வைக்காதீங்க, உடையாம இருக்கிற வரைக்கும் அது சும்மா கிடக்கும், துளை போட்டா தூசி கிளம்பும்" என்று கத்தினாள். "அம்பது வருஷமா இதுக்குக் கீழதானே படுத்திருக்கோம்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் இறங்கினார். டிஷ் இன்னும் வராண்டாவில் சாய்ந்து கிடக்கிறது, கிரிக்கெட் பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போகிறார்.