முதல் பிரசவம் யார் வீட்டில்?

முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. இப்போது யார் வீட்டில் பிரசவம் நடக்கிறது? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அம்மா வீடு என்றால் இன்றைக்கு அம்மா ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரி என்றுதான் அர்த்தம். அந்த ஆஸ்பத்திரி பில்லை அப்பா கட்டுவார். வழக்கத்தின் பெயர் மட்டும் பழையது, உள்ளே இருக்கிறது எல்லாம் புதுசு.

எனக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. வேலையும் வாடகை வீடும் சென்னையில். அம்மா வீடு கோவில்பட்டி பக்கத்தில் ஒரு கிராமம். மாமியார் வீடு விருதுநகர் பக்கம். போன வாரம் அங்கே வளைகாப்பு முடிந்தது. புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று சாத வகைகளோடு அம்மா வீட்டுச் சனம் வேன் வைத்து வந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். எல்லாம் நன்றாகத்தான் போனது. சாப்பாடு முடிந்து அந்த வேனில் ஏறாமல், சாயங்காலம் இவரோடு சென்னை ரயிலுக்குக் கிளம்பினேன் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது. இன்னும் போன் வந்துகொண்டே இருக்கிறது. 'ஏன்மா, உங்க அம்மாவுக்கு முடியலையா?' என்று ஒரு பெரியம்மா. 'வீட்டுல ஏதும் சண்டையா?' என்று ஒரு மதினி. புருஷனோடு இருக்க ஆசைப்படுகிறாள் என்கிற எளிய காரணம் மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இந்த வழக்கத்தை முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஆச்சிக்கு ஏழு பிள்ளைகள். கல்யாணமானபோது சின்னப் பெண். மாமியார் வீட்டில் காடு, மாடு, பத்துப் பேருக்குச் சமையல். 'பிள்ளை பெறப் போனப்பதான் நான் உக்காந்து சோறு தின்னேன்' என்பாள். பெண்ணை அங்கிருந்து பிரித்துக் கொண்டுவந்தால்தான் அவளுக்கு ஓய்வு. பிறந்த ஊர் மருத்துவச்சிக்கு அவளைக் குழந்தையிலிருந்து தெரியும். வலி வந்தால் வெட்கமில்லாமல் கத்தலாம். எந்த நேரமும் பசிக்கிறது என்று சொல்லலாம். இதையெல்லாம் யோசித்துத்தான் யாரோ புத்திசாலிப் பெண்கள் இந்த வழக்கத்தை உண்டாக்கியிருக்க வேண்டும். இன்றைக்கும் புகுந்த வீட்டில் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாத பெண்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் தாராளமாக அம்மா வீட்டுக்குப் போகட்டும். ஏழாம் மாதம் என்ன, மூன்றாம் மாதமே போகட்டும்.

ஆனால் எல்லாப் பெண்ணுக்கும் அதுதான் விதி என்னும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த ஏழு மாதமும் இவர் எங்கே இருந்தார் என்று சொல்கிறேன். மசக்கையில் கடுகு தாளிக்கிற வாசனை வந்தாலே எனக்குக் குடலைப் புரட்டும். மூன்று மாதம் அடுப்படிப் பக்கம் நான் போகவில்லை. இவர் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார் (சுமார்தான், ஆனாலும் ரசம்). 'ஆணா பெண்ணா என்று இங்கு தெரிவிக்கப்படாது' என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கிற ஸ்கேன் சென்டரில், என்னை உள்ளே கூப்பிடும் வரைக்கும் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் போர்டுக்குப் பின்னால் 1994ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது. அப்படியும் தெருவில் பார்க்கிற அக்காக்கள் வயிற்றின் வடிவத்தைப் பார்த்து இலவசமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், அது வேறு கதை. சர்க்கரைப் பரிசோதனை அன்றைக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தார்கள். வாந்தி எடுத்தால் மறுபடி முதலில் இருந்து என்று நர்ஸ் சொல்லிவிட்டார். இரண்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்து விசிறியவர் இவர்தான். 140க்குக் கீழே வந்ததும் என்னைவிட அவருக்குத்தான் பெருமூச்சு. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது, இரும்பு மாத்திரை போட்டதும் டீ குடிக்கக் கூடாது என்பதெல்லாம் எனக்கு மறந்தாலும் அவருக்கு மறக்காது. ராத்திரி கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் எந்தப் பக்கம் நீவ வேண்டும் என்று தெரிந்த ஆள்.

இந்த ஆளை ஏழாம் மாதத்தோடு 'சரிப்பா, உன் வேலை முடிந்தது' என்று அனுப்பிவிட வேண்டும். அதுதான் வழக்கம். அதன் பிறகு அவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரயிலேறி வருவார். மாமனார் வீட்டில் விருந்தாளி மாதிரி இலை போட்டு உட்காரவைத்துக் கறிக்குழம்பு ஊற்றுவார்கள். குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுப்பார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கிளம்பிவிடுவார். குழந்தை ஏன் அழுகிறது, எப்படித் தூக்கினால் அமரும், பால் குடித்ததும் எத்தனை நேரம் தோளில் போட்டுத் தட்ட வேண்டும், எதுவும் தெரியாது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையைக் கொண்டுவந்து விடும்போது அது அவரைப் பார்த்து அழும். 'ஆம்பளைக்கு என்ன தெரியும்' என்று நாமே சிரித்துக்கொள்வோம். தெரியவிடாமல் செய்தது யார்?

சட்டமும் இந்த விஷயத்தில் ஊர்ப் பெரியவர்கள் பக்கம்தான். 2017 திருத்தத்தில் தனியார் வேலைப் பெண்களுக்கும் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. நல்லது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021இல் இருந்து 12 மாதம். ரொம்ப நல்லது. அப்பாவுக்கு? மத்திய அரசு வேலை என்றால் 15 நாள் உண்டு. தனியாரில் கம்பெனி மனது வைத்தால் உண்டு. இவருக்கு அவர்கள் கொடுப்பது ஒரு வாரம். மீதியைச் சொந்த லீவில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். இன்னொன்று, அந்த 26 வாரத்தில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம்தான் எடுக்க முடியும். ஏழாம் மாத வளைகாப்பு முடிந்த கையோடு வேனில் ஏறு என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. டாக்டர் வாரத்தில் எண்ணுகிறார், ஆபீஸ் தேதியில் எண்ணுகிறது, பெரியம்மா மாதத்தில் எண்ணுகிறார். மூன்றும் ஒன்றாக வருவதே இல்லை.

இப்போது காசு விஷயம். இதைப் பேசினால்தான் நிறையப் பேருக்கு முகம் மாறும்.

ஆச்சி காலத்தில் அம்மா வீட்டுப் பிரசவத்துக்குச் செலவு என்றால் மருத்துவச்சிக்கு நெல்லும் சேலையும், பிள்ளை பெற்றவளுக்கு நாட்டுக்கோழியும் பூண்டும் நல்லெண்ணெயும். இன்றைக்கு? அதே 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரியை மட்டும் எடுத்தால் அது 60 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதாவது தனியாரில் சேர்த்தால் ஆபரேஷன் பில் வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அந்தப் பில், தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற எங்கள் அப்பா தலையில். கல்யாணக் கடனையே இப்போதுதான் அடைத்திருக்கிறார். இத்தனைக்கும் என் கம்பெனிக் காப்பீட்டிலும் இவர் கம்பெனிக் காப்பீட்டிலும் பிரசவத்துக்கு ஒரு தொகை உண்டு. ஆனால் பணம் கட்டாமல் சேரக்கூடிய ஆஸ்பத்திரிகளின் பட்டியலில் எங்கள் ஊர்ப்பக்கம் தேடினால் பெயரே கிடைப்பதில்லை. முதலில் அப்பா கட்ட வேண்டும், பிறகு நாங்கள் ரசீது அனுப்பி வாங்க வேண்டும், வாங்கியதை அப்பாவிடம் கொடுத்தால் 'மகள்கிட்ட பிரசவச் செலவை வாங்குறதா' என்று அவர் வாங்க மாட்டார். அதோடு முடிகிறதா? குழந்தையைக் கொண்டுவந்து விடும்போது வெள்ளிக் கொலுசு, இடுப்புக்கு வெள்ளி அரைஞாண், கழுத்துக்கு ஒரு செயின். முதல் குழந்தையாச்சே.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் பிரசவமும் சிசேரியனும் இலவசம். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் 18,000 ரூபாய்க்கு உதவி இருக்கிறது, அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக. அதற்குக் கர்ப்பத்தை ஆரம்பத்திலேயே அரசிடம் பதிந்து, பிக்மி என்கிற 12 இலக்கப் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். தனியாரில் பார்க்கிறவர்களும் அந்த எண்ணை வாங்கிவிடுங்கள், பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள். என் சித்தி மகள் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பெற்றாள். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அதே இடத்தில் என்னைச் சேர்க்கலாம் என்று அப்பா சொன்னால் 'ஒரே மகளை கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலயா?' என்று கேட்கிற வாய், செலவில் பத்துக் காசு தராது.

நடுவில் டாக்டரை மாற்றுவது இன்னொரு தலைவலி. ஆரம்பத்தில் இருந்து பார்க்கிற டாக்டருக்கு என் தைராய்டு தெரியும், எந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். எட்டாம் மாதம் புது ஆஸ்பத்திரிக்குப் போனால் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதலில் இருந்து ஸ்கேன் எழுதுவார்கள். போகத்தான் போகிறீர்கள் என்றால் கடைசி நேரம் வரைக்கும் இழுக்காமல், இடையில் ஒருமுறை அந்த ஊர் டாக்டரைப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள். ரயிலில் கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

சரி, நீ போக வேண்டாம், அம்மா வரட்டும் என்று நானே முடிவு செய்தேன். எளிதாக முடிந்துவிடும் என்று நினைத்தால், அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் அப்பா சாப்பாடு, காரணம் மாடு, காரணம் முட்டிவலிக்கு இரண்டாம் மாடி ஏற முடியாது. எல்லாவற்றுக்கும் வழி சொன்ன பிறகு உண்மையான காரணம் வந்தது. 'மருமகன் வீட்டுல நான் எப்படிம்மா மாசக்கணக்கா உக்காந்து சாப்பிடுவேன்? பெண் குடுத்த இடத்துல போய்த் தங்குறதா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?'

இது மருமகன் வீடா? வாடகையில் பாதி என் சம்பளம். கேஸ் என் பெயரில் இருக்கிறது. ஃபிரிட்ஜ் தவணையை நான் கட்டுகிறேன். இவருடைய அம்மா வந்து மாதக்கணக்கில் இருந்தால் அது மகன் வீடு, என் அம்மா வந்து பத்து நாள் இருந்தால் அது மருமகன் வீடு. மகள் வீடு என்று ஒன்று எங்கேயுமே கிடையாதா? அம்மாவிடம் இதைக் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 'அதெல்லாம் பேச்சுக்கு நல்லாருக்கும்' என்றார்கள். மறுநாள் இவரே போன் செய்து 'அத்தை, நீங்க வரலைன்னா எனக்குக் குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியாது' என்று சொன்னதும்தான் அம்மா கொஞ்சம் இறங்கி வந்தார்கள். மகள் கூப்பிட்டால் போதாது, மருமகன் கூப்பிட வேண்டும். அதிலும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், காரியம் நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

யார் வீட்டில் இருக்கிறோமோ அந்த வீட்டுப் பேச்சுத்தான் எடுபடும் என்பது இன்னொரு விஷயம். எங்கள் பக்கம் குழந்தை பிறந்ததும் சேனை தொட்டு வைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ, ஒரு சொட்டு நாக்கில். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் யார் வைப்பது என்று இரண்டு வீட்டிலும் இப்போதே போட்டி. என் மாமனார்தான் வைக்க வேண்டும் என்று அத்தைக்கு ஆசை, பொறுமைசாலி என்பதால். அவர் பொறுமைசாலிதான், மறுக்கவில்லை. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர தண்ணீர்கூட வேண்டாம், ஒரு வயது வரைக்கும் தேன் கூடவே கூடாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். தேன் கைக்குழந்தைக்கு ஆபத்தானது. அம்மா வீட்டிலோ மாமியார் வீட்டிலோ இருந்தால், வலியோடு படுத்துக்கிடக்கிற நான் இதற்கு யாரோடு மல்லுக்கு நிற்பது? எங்கள் வீட்டில் என்றால் இவர் வாசலிலேயே சொல்லிவிடுவார். மாமனார் குழந்தையைத் தூக்கி வைத்துக் கொஞ்சட்டும், குணம் அப்படியே ஒட்டிக்கொள்ளட்டும்.

மற்ற ஏற்பாடுகள் மெதுவாக நடக்கின்றன. பிறப்பதற்கு முன்னால் குழந்தைக்குப் புதுசு வாங்கக் கூடாது என்று அத்தை சொன்னதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, காசு மிச்சம். இவருடைய பழைய வேட்டிகளைக் கிழித்து, வெந்நீரில் அலசிக் காயவைத்து மடித்திருக்கிறோம். ஆஸ்பத்திரிப் பையில் முன்பக்கம் திறக்கிற நைட்டி, ஃபைல், ஆதார் நகல். பிரசவ அறைக்குள் யாரை அனுமதிப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டோம். பெண் விரும்புகிற ஒருவர் கூட இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் பல பேருக்கு ஒரே அறை என்றால் ஆண்களை விட மாட்டார்கள், அது நியாயம்தான். எங்கள் ஆஸ்பத்திரியில் தனி அறை என்பதால் புருஷன் வரலாம் என்றார்கள். 'மயங்கி விழுந்தா நாங்க பார்க்க மாட்டோம் சார்' என்று அங்கிருந்த சிஸ்டர் இவரிடம் சிரிக்காமல் சொன்னார்.

அம்மா அடுத்த மாதக் கடைசியில் வருகிறார்கள். அப்பாவுக்கு என் சித்தப்பா வீட்டில் சாப்பாடு, மாட்டையும் அங்கேதான் கட்டப்போகிறார்கள். பால் கணக்கு யாருக்கு என்பதில் மட்டும் இரண்டு அண்ணன் தம்பிக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.